இல்லாததற்கும் வடிவம் உண்டு

"தரையில் குடம் இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது எதை அறிந்து சொல்கிறார்? இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் விடாமல் வழக்காடிய கேள்வி இது. அவர் அறிவது தரையை மட்டும்தான், குடத்தின் இன்மை என்று தனியாக ஒன்றும் அங்கே கிடையாது என்பது மீமாம்சையில் பிரபாகரர் வழி வந்தவர்களின் கட்சி. குமாரிலரைப் பின்பற்றியவர்கள் இதை ஒப்பவில்லை. இன்மை மெய்யானது, அதை அறிய அதற்கென்றே ஓர் அளவையும் உண்டு என்றார்கள். நியாய வைசேடிகர்கள் இன்னும் ஒரு படி போய், திரவியம், குணம், கருமம் என்று தொடங்கும் தங்கள் பதார்த்தப் பட்டியலில் இன்மையை ஏழாவதாகவே சேர்த்துவிட்டார்கள். தமிழுக்கு இந்த வழக்கு அயலானது அல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளில் அபாவமும் இருக்கிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அதையும் பிறர் கொள்ளும் அளவைகளோடு எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, இன்மையின் வகைகளும் கூடவே வந்தன. இத்தனை கூர்மையாகச் சிந்திக்கப்பட்ட ஒரு கேள்வி இன்று பாடத்திட்டத்தின் மூலையில் கிடப்பது நமக்குப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

வழக்கு தீராமல் நின்றதற்கு எடுத்துக்காட்டின் வறுமையும் ஒரு காரணம். குடமும் தரையும் மட்டும் இருந்தால் இரண்டே நிலைகள்தான்: குடம் இருக்கிறது, அல்லது இல்லை. இந்த இரண்டைக் கொண்டு, வெறுந்தரைக்கும் 'குடத்தின் இன்மை உடைய தரை'க்கும் வேறுபாடு உண்டா என்று சோதிக்க வழியில்லை. சோதிக்க வேண்டுமானால் இருப்பவற்றின் அளவும் இடத்தின் அளவும் மாறாமல் நிற்க, இல்லாமை கிடக்கும் விதம் மட்டும் மாறுகிற ஓர் இடம் வேண்டும். அந்த மாற்றத்தால் உலகில் ஏதாவது ஒன்று நடக்கவோ நடக்காமல் போகவோ வேண்டும். அப்படி ஓர் இடம் இன்று ஒவ்வொரு மேசைக் கணினியிலும் இருக்கிறது. மென்பொருள்கள் நினைவகத்தை வாங்கித் திருப்பித் தரும் முறையைத்தான் சொல்கிறேன். அதில் 'துண்டுபடல்' என்ற கோளாறு, இன்மை வெறும் சொல் அல்ல, இடமும் அளவும் எல்லையும் விளைவும் உடையது என்ற கட்சிக்குக் கிடைத்திருக்கும் மிக வலுவான சான்று என்பது என் வாதம்.

நடப்பது இதுதான். உலாவியோ படத்திருத்தியோ ஓடும்போது கணந்தோறும் நினைவகம் கேட்கிறது. ஓர் எழுத்துச்சரத்துக்கு 40 பைட், ஒரு படத்துக்கு 8 மெகாபைட் என்று கோரிக்கைகள் அளவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும். ஹீப் எனப்படும் பரப்பிலிருந்து ஒதுக்கீட்டு நிரல் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. வேலை முடிந்தவை திரும்பி வருகின்றன, ஆனால் வாங்கிய வரிசையில் வருவதில்லை. நீண்டகாலம் வாழும் சின்னஞ்சிறு பொருள் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்க, அதன் இரு பக்கமும் இருந்த பெரியவை போய்விடுகின்றன. இப்படியே சில மணி நேரம் ஓடினால் காலி இடம் நிறைய இருக்கும், ஆனால் எல்லாம் துணுக்குத் துணுக்காக இருக்கும். 32 பிட் விண்டோஸில் ஒரு மென்பொருளுக்கு இயல்பாகக் கிடைத்த முகவரிப் பரப்பு 2 ஜிகாபைட். அதில் 400 மெகாபைட் காலியாக இருந்தும், அவற்றில் மிகப்பெரிய ஒற்றைத் துண்டு 30 மெகாபைட்தான் என்றால், 40 மெகாபைட் கேட்ட கோரிக்கை தோற்கும், பெரும்பாலும் மென்பொருளும் அங்கேயே விழும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் நினைவகக் கணக்கைக் காட்டும் பக்கத்தில், விண்டோஸில், எஞ்சியிருக்கும் முகவரிப் பரப்பில் மிகப்பெரிய தொடர் துண்டு எவ்வளவு என்பதற்குத் தனி வரி ஒன்று வைத்தார்கள். எவ்வளவு இல்லை என்ற ஒரு எண் போதாது என்று பொறியாளர்கள் பட்டறிவால் கண்டுகொண்டதன் அடையாளம் அந்த வரி.

இப்போது இரண்டு ஹீப்களை எண்ணிப் பார்ப்போம். இரண்டுக்கும் பரப்பு ஒன்றே, இரண்டிலும் வாழும் பொருள்கள் ஒரே எண்ணிக்கை, ஒரே அளவு. ஆகவே காலி இடத்தின் கூட்டுத்தொகையும் ஒன்றே. ஒன்றில் 40 மெகாபைட் கோரிக்கை நிறைவேறுகிறது, மற்றதில் தோற்கிறது. விளைவு வேறு என்றால் காரணமும் வேறாக இருந்தாக வேண்டும். இடத்தில் வேறுபாடு இல்லை, இருப்பவற்றின் தொகையிலும் இல்லை. இல்லாமை பிரிந்து கிடக்கும் விதம்தான் மிஞ்சுகிறது.

பிரபாகரர் கட்சி இதற்கு வாயடைத்துப் போகாது. "வேறுபாடு இருப்பவற்றின் தொகையில் இல்லை என்பது சரி, ஆனால் அவை நிற்கும் இடங்களில் இருக்கிறது. எந்தப் பொருள் எந்த முகவரியில் நிற்கிறது என்று பட்டியல் கொடுத்துவிட்டால் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. அதற்கு மேல் 'இடைவெளி' என்று ஒன்றைப் படைப்பானேன்?" என்று கேட்கும். எதிர்வாதங்களில் ஆகப் பலமானது இதுதான். பட்டியலிலிருந்து இடைவெளிகளைக் கணக்கிட்டுவிடலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கிட முடிவது வேறு, காரணம் காட்டுவது வேறு. 40 மெகாபைட் கோரிக்கை ஏன் தோற்றது? அந்த அளவுக்கு ஓர் இடைவெளி இல்லாததால். வாழும் பொருள்களைக் கோடி விதமாக மாற்றி அடுக்கினாலும், மிகப்பெரிய இடைவெளி 30 மெகாபைட்டாகவே இருக்கும் வரை அத்தனை அடுக்குகளிலும் அதே தோல்விதான். எந்தக் குறிப்பிட்ட பொருளின் எந்தக் குறிப்பிட்ட இடமும் தோல்விக்குக் காரணம் அல்ல. அந்தக் கோடி அடுக்குகளுக்கும் பொதுவாக நிற்பது இடைவெளியின் அளவு ஒன்றே. விளைவு எதைத் தொடர்ந்து மாறுகிறதோ, எது மாறாதவரை மாறாமல் நிற்கிறதோ, அதற்குத்தான் காரணம் என்ற பெயர் உரியது. இங்கே அந்த இடத்தில் நிற்பது ஓர் இன்மை.

இன்னொரு சான்று இதைவிட நேரடியானது. டக் லீ எழுதி, பின்னர் லினக்ஸின் ஜிலிப்ஸி நூலகம் வரை வழிவழியாக வந்த ஒதுக்கீட்டு நிரலை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வழங்கப்பட்ட துண்டுகள் எவை எவை என்ற பட்டியல் அதனிடம் கிடையாது. கொடுத்ததை அது மறந்துவிடுகிறது; கேட்டவர் திருப்பித் தரும்போதுதான் அந்தத் துண்டின் தலைப்பைப் படித்து அளவைத் தெரிந்துகொள்கிறது. அது பட்டியலிட்டுக் காப்பது காலித் துண்டுகளை மட்டுமே. அதையும் வேறெங்கோ ஒரு பேரேட்டில் எழுதிவைப்பதில்லை. 64 பிட் கணினியில் ஒரு துண்டு காலியானதும், நேற்றுவரை பயனரின் தரவு இருந்த முதல் 16 பைட்டில் இரண்டு பாயிண்டர்கள் எழுதப்படுகின்றன: பட்டியலில் அடுத்த காலித் துண்டு எங்கே, முந்தையது எங்கே. அளவு தலைப்பில் இருக்கிறது. துண்டின் கடைசியில் அதே அளவு மறுபடியும் எழுதப்படுகிறது, பின்னால் இருக்கும் அயல் துண்டு காலியாகும்போது முன்னால் இருப்பதைக் கண்டு தன்னோடு சேர்த்துக்கொள்வதற்காக. இந்த எல்லைக் குறிப்பு முறையை 1968இல் வெளிவந்த டொனால்ட் க்னூத்தின் பெருநூலின் முதல் தொகுதியிலேயே காணலாம். இருப்பவற்றின் இடங்களை அறிந்தால் போதும், இன்மை மிகை என்று சொன்னவர்களுக்கு, இருப்பவற்றைப் பட்டியலிடாமல் இன்மைகளை மட்டும் பட்டியலிட்டு வேலை முழுவதையும் நடத்தும் ஓர் இயந்திரம் இங்கே நிற்கிறது. இரண்டு பட்டியல்களும் தர்க்கத்தில் சமம் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றை 'மெய்' என்றும் மற்றதை 'வெறும் பேச்சு' என்றும் சொல்ல இனி நியாயம் இல்லை.

அடுத்த எதிர்வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. நினைவகத்தில் 'காலி' என்பது உண்மையில் காலியே அல்லவே? ரேமில் எந்த பைட்டும் வெறுமையாக இருப்பதில்லை, எப்போதும் ஏதோ ஓர் எண் அதில் நிற்கும். திருப்பித் தந்த துண்டில் பழைய தரவின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும், அதனால்தான் கடவுச்சொல்லைக் கையாளும் நிரல்கள் விடுவிக்கும் முன் அந்த இடத்தை அழித்தெழுதுகின்றன. அப்படியானால் இந்த இன்மை ஒரு கணக்கெழுத்து, ஓர் உடன்பாடு, அவ்வளவுதானே? இதற்கு விடை நியாய நூல்களிலேயே இருக்கிறது. இன்மை என்று வெறுமனே சொல்லக் கூடாது, எதன் இன்மை, எதில் இன்மை என்று இரண்டையும் சொல்ல வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். எது இல்லையோ அது பிரதியோகி. எங்கே இல்லையோ அது அதிகரணம். தரையில் குடம் இல்லை என்றால் தரையில் காற்றும் இல்லை, தூசியும் இல்லை என்று பொருள் அல்ல. ஹீப்பின் காலித் துண்டில் இல்லாதது எண் அல்ல. அந்த முகவரியின் மேல் யாருக்கோ இருந்த உரிமை. 'காலி' என்பதை வெறுமை என்று படித்ததால் வந்த குழப்பம் இது.

அந்த உரிமையின் இன்மை வெறும் உடன்பாடா என்பதை அறிய, அதை மீறினால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். விடுவித்த பின்னும் பழைய பாயிண்டரை வைத்துக்கொண்டு அங்கே எழுதும் பிழை, மென்பொருள் பாதுகாப்பில் மிகக் கொடிய பிழைகளுள் ஒன்று. இதற்குள் அந்த முகவரியில் வேறொரு பொருள் குடியேறியிருக்கலாம். பழையவர் புதியவரின் உடலில் எழுதுகிறார். தாக்குபவர்கள் அதைப் பயன்படுத்தி உலாவியையே கைப்பற்றியிருக்கிறார்கள். இங்கே தர்க்க நூலார் செய்த ஒரு பிரிவினையை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு பொருள் பிறக்கும் முன் இருந்த இன்மைக்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. அது அழிந்த பின் வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. உடைந்த குடத்தின் இடத்தில் அதே போன்ற இன்னொரு குடத்தை வைத்தாலும் உடைந்த குடத்தின் இன்மை நீங்குவதில்லை. முதல் வாசிப்பில் வறட்டு நுணுக்கம் போலத் தோன்றும் இந்த விதியை மறந்த நிரல்தான் பழைய முகவரியில் புதிய பொருளைக் கண்டு, அதுவே இது என்று நம்பிக் கெடுகிறது.

துண்டுபடலே பழங்கதை என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. மார்க் ஜான்ஸ்டோனும் பால் வில்சனும் 1998இல் மெய்யான நிரல்களை அளந்து பார்த்து, நல்ல உத்தியைத் தேர்ந்தால் துண்டுபடலால் வரும் விரயம் மிகக் குறைவு என்று காட்டினார்கள். 64 பிட் கணினியில் ஒரு மென்பொருளுக்கு 128 டெராபைட் முகவரிப் பரப்பு கிடைக்கிறது. தொடர் இடம் கிடைக்காமல் முகவரி தீர்ந்துபோவது அங்கே அரிது. ஆனால் இவை என் வாதத்தை வெட்டுவதில்லை. நல்ல உத்தி என்று அவர்கள் கண்டவை யாவை? கோரிக்கைக்கு மிக நெருங்கிய அளவுள்ள இடைவெளியைத் தேர்வது, இடைவெளிகளை முகவரி வரிசையில் வைப்பது, அயல் இடைவெளிகளை உடனே இணைப்பது. ஒவ்வொன்றும் இன்மையை அளந்து, வரிசைப்படுத்தி, சேர்க்கும் வேலை. நோய் வராமல் காக்கும் மருந்து முழுவதும் இன்மையின் வடிவத்தைப் பேணுவதாக இருக்கும்போது, நோய் வரவில்லை என்பதால் வடிவமே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பொருள்களை நகர்த்தாத எந்த உத்தியையும் தோற்கடிக்கும் கோரிக்கை வரிசை ஒன்று உண்டு என்பதையும் ஜே. எம். ராப்சன் 1970களின் தொடக்கத்திலேயே நிறுவிவிட்டார். மிகச்சிறிய கோரிக்கைக்கும் மிகப்பெரிய கோரிக்கைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை ஒட்டி, தேவைப்படும் பரப்பு பெருகும். முகவரி எவ்வளவு பெருகினாலும் ரேம் பெருகுவதில்லை. 4096 பைட் பக்கம் ஒன்றில் 16 பைட்டுக்கான 256 இருக்கைகள் உண்டு. 255 காலியாகி ஒன்றே ஒன்று வாழ்ந்தாலும் பக்கம் முழுவதையும் இயங்குதளத்துக்குத் திருப்ப முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் எல்லாத் தாவல்களையும் மூடிய பின்னும் நினைவகம் இறங்கவில்லை என்று 2007 வாக்கில் எழுந்த புகார்களில் பலவற்றுக்குக் கசிவு என்று பெயர் சூட்டப்பட்டது. கசிவில் பொருள் இருக்கிறது, அதை நினைப்பவர் இல்லை. துண்டுபடலில் பொருள் போய்விட்டது, அது விட்டுப்போன இடம் எவருக்கும் பொருந்துவதில்லை. இரண்டும் வேறு நோய்கள் என்று பிரித்துணர்ந்த பின்னரே, 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3, ஜேசன் எவன்ஸ் ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதிய ஜெமல்லாக் என்ற ஒதுக்கீட்டு நிரலுக்கு மாறியது. இன்மையைத் தனியாக எண்ணத் தெரியாதவருக்கு இந்தப் பிரித்துணர்வே வாய்க்காது.

இன்னும் ஓர் எதிர்வாதம் இருக்கிறது, இதை நான் மிகவும் மதிக்கிறேன். இருப்பவற்றை நகர்த்திவிட்டால் எல்லா இடைவெளிகளும் ஒன்றாகிவிடும். ஆகவே இன்மையின் வடிவம் இரவல் வடிவம், அதற்கென்று சொந்த இயல்பு கிடையாது என்பது. 1984இல் 128 கிலோபைட் நினைவகத்தோடு வந்த முதல் மெக்கின்டாஷ் இதைத்தான் செய்தது. மென்பொருளுக்குப் பொருளின் முகவரியைக் கொடுக்காமல், முகவரி எழுதியிருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்தார்கள். ஹேண்டில் என்பது அதன் பெயர். பொருளை நகர்த்திவிட்டு அந்த ஓர் இடத்தில் மட்டும் புதிய முகவரியை எழுதினால் போதும். இவ்வளவு சிறிய கணினியில் இவ்வளவு தெளிவாகச் சிந்தித்தவர்களின் வேலை இன்னும் நன்றாக நினைக்கப்பட வேண்டும். ஆனால் மென்பொருள் ஒரு பொருளைப் பூட்டி வைத்துவிட்டால் அதை நகர்த்த முடியாது. ஹீப்பின் நடுவில் பூட்டிய ஒன்று நின்றாலே இரு பக்கத்து இடைவெளிகளும் சேராமல் போகும். ஜாவா, டாட்நெட் போன்றவை இன்று இந்த நகர்த்தலைத் தாங்களே செய்துகொள்கின்றன, எந்தப் பொருளை யார் யார் சுட்டுகிறார்கள் என்று அறிந்திருப்பதால். சி, சி++ மொழிகளில் முகவரி ஒருமுறை வெளியே போய்விட்டால் யாரிடம் அது இருக்கிறது என்று அறிய வழியில்லை, ஆகவே பொருள் நின்ற இடத்திலேயே நின்றாக வேண்டும். இன்மையின் வடிவம் இருப்பவற்றைச் சார்ந்தது என்பது இவற்றால் உறுதியாகிறது. அதை நியாயம் என்றும் மறுத்ததில்லை. பிரதியோகியும் அதிகரணமும் இல்லாமல் இன்மை கிடையாது என்று சொன்னவர்களே அவர்கள்தான். சார்ந்திருப்பது பொய்யாகிவிடாது. நிறம் துணியைச் சார்ந்தது, துணி நூலைச் சார்ந்தது; அதனால் நிறம் இல்லை என்று எந்த வைசேடிகரும் சொல்லமாட்டார், நாமும் சொல்வதில்லை.

ஆயினும் நியாய மரபை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ஓர் இன்மையை இன்னோர் இன்மையிலிருந்து பிரித்தறிவது எதனால் என்று கேட்டால், பிரதியோகியால் என்பது அவர்கள் விடை. குடத்தின் இன்மையும் துணியின் இன்மையும் வேறு, குடமும் துணியும் வேறாதலால். ஹீப்பில் இந்த விடை நிற்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு துண்டுகள் காலியாகின்றன. ஒன்றில் ஒரு படம் இருந்தது, மற்றதில் ஓர் எழுத்துச்சரம். போனவை இரண்டு, ஆகவே அவர்கள் கணக்கில் இன்மைகளும் இரண்டு. ஒதுக்கீட்டு நிரல் இணைத்த கணத்திலிருந்து அங்கே இருப்பது ஒரே இடைவெளி. முன்பு இரண்டாக இருந்ததற்கான தடயமும் இல்லை, தேவையும் இல்லை. இதற்கு மறுதலையாக, ஒரே பெரிய பொருள் அழிந்த இடத்தின் நடுவே ஒரு சிறு பொருள் வந்து அமர்ந்தால், ஒரே பிரதியோகியிலிருந்து இரண்டு இடைவெளிகள் பிறக்கின்றன. எது போனது என்பது இடைவெளியின் அடையாளத்தைத் தீர்மானிக்கவில்லை. எது வர முடியும் என்பதே தீர்மானிக்கிறது.

2019இல் வெளிவந்த மெஷ் என்ற ஒதுக்கீட்டு நிரல் இதை மறுக்க முடியாதபடி காட்டுகிறது. பாபி பவர்ஸ், டேவிட் டென்ச், எமரி பெர்கர், ஆண்ட்ரூ மெக்கிரெகர் ஆகியோரின் ஆக்கம் அது. சி, சி++ நிரல்களில் முகவரியை மாற்ற முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அரைகுறையாக நிறைந்த இரண்டு பக்கங்களை அது எடுக்கிறது. ஒன்றில் பொருள் இருக்கும் இருக்கைகள் மற்றதில் காலியாக இருந்தால், இரண்டையும் ஒரே பௌதிகப் பக்கத்தில், அதே இருக்கைகளில், பொருத்திவிடுகிறது. இரு முகவரிகளும் அந்த ஒரே பக்கத்தைச் சுட்டுகின்றன, நிரலுக்கு எதுவும் தெரிவதில்லை, ஒரு பக்க ரேம் மிஞ்சுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் நினைவகப் பயன்பாடு 16 விழுக்காடு குறைந்ததாக அவர்கள் அளந்தார்கள். இரண்டு பக்கங்களிலும் ஐந்தாம் இருக்கையில் ஆள் இருந்தால், மற்ற அத்தனையும் காலியாக இருந்தும் பொருத்தம் கூடாது. இரண்டும் பாதிப் பாதி நிறைந்திருந்தும் இடங்கள் முரணாவிட்டால் கூடும். அந்த இருக்கைகளில் முன்பு யார் இருந்தார் என்ற கேள்வியை மெஷ் ஓரிடத்திலும் கேட்பதில்லை. ஒரு பக்கத்தின் இல்லாமை, மற்றப் பக்கத்தின் இருப்பை ஏற்குமா என்பதை மட்டும், இருக்கை இருக்கையாக, சோதிக்கிறது.